இரவல் காயம்

அத்தியாயம் – 14

போன வாரம் மாஸ்டருக்காக உருகியவர்கள் இந்த வாரம் மனதைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் பச்சை விழுந்து, பின்னால் நிற்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்துக் கொல்ல, சின்னவள் நடுரோட்டில் காரை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாள் அல்லவா? அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரும் அக்கா புருஷன், அதாவது நம் மாஸ்டர், ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் பக்கத்து கிளட்சை மிதித்து, எட்டிச் சாவியைத் திருகி, வண்டியை ஓரம் கட்டினார். "உனக்கு ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தார். அதோடு விட்டிருந்தோம்.

அதற்குத்தான் எத்தனை கடிதங்கள்! "இப்படி ஒரு அத்தான் யாருக்குக் கிடைப்பார்", "என் வீட்டுக்காரரும் இருக்கிறாரே, மரக்கட்டை" என்று பக்கம் பக்கமாக. ஒரு வாசகி மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் விலாசம் கேட்டே எழுதிவிட்டார். பொறுங்கள் அம்மா. முதலில் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பெரியவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் விடிந்ததுமே பயிற்சி மைதானத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். பெரியவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றைக்கு அரை நாள்தான். மத்தியானம் மாமியார் சாப்பிட வருகிறாள். சமையல் பாதி ஆகியிருந்தது. சின்னவள் ஒத்தாசைக்கு வந்தவள் போலக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, ஒன்றைக்கூடக் கொடுக்கக் காணோம்.

"அக்கா, அத்தானை நினைச்சா எனக்கு மனசே ஆறல."

"ஏன்? என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணல. சின்ன வயசுல அவர் பட்ட பாட்டை நினைச்சுத்தான்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவர் என்னடி பட்டார்? காலேஜ் போற வரைக்கும் அவங்கம்மா ஊட்டிவிட்டு வளர்ந்த ஆளு."

"அப்போ உனக்கே தெரியாதா?" சின்னவளின் கண் விரிந்தது. கூடவே ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. "யார்கிட்டயும் சொன்னதில்லன்னு சொன்னார். உன்கிட்டயும் சொல்லலன்னா நான் சொல்லக் கூடாதுப்பா."

சின்னவள் சொல்லக் கூடாது என்று சொன்னால் இன்னும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியவள் பேசாமல் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"சரி, நீ அவர்கிட்ட கேக்கவே கூடாது."

"கேக்கல."

"அத்தானுக்கு அப்போ ஒன்பது வயசாம். ஸ்கூல் ஷூவுக்கு முதல் தடவையா தானே பாலிஷ் போட்டிருக்கார். கை, மூக்கு, சட்டை எல்லாம் கறுப்பு. அம்மாகிட்ட காட்டணும்னு ஷூவைத் தூக்கிட்டு ஓடியிருக்கார். சமையலறையில அவங்கம்மா பக்கத்து வீட்டு அம்மாகிட்ட பேசிட்டு இருந்தாங்களாம். இவர் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டார்."

துணி பெரியவளின் கையிலேயே நின்றுவிட்டது.

"'மூத்தது மேல எனக்கு ஒட்டுதலே வரல. சின்னது பொறந்த அப்புறம்தான் நானும் ஒரு தாய்னு எனக்கே தெரிஞ்சுது.' இப்படிச் சொன்னாங்களாம் அக்கா, பெத்த பிள்ளையைப் பத்தி! அத்தான் சத்தம் போடாம திரும்பிப் போய், போட்ட பாலிஷை ஈரத்துணியால துடைச்சு எடுத்துட்டாராம். தான் வந்து நின்னது அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த யோசனை வந்திருக்கு பாரேன்!"

வந்தது. ஆனால் மாஸ்டருக்கு அல்ல.

ஒன்பது வயதில், கையில் ஷூவோடு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் பெரியவள். அந்தப் பக்கம் பேசியது, இப்போது கீழே நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் அவள் அம்மா. அந்தச் "சின்னது", இதோ கிளிப்பைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிறதே, இதுதான்.

இதைப் பெரியவள் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொன்னதில்லை, தங்கையிடம் சொன்னதில்லை, கூடப் படித்தவர்களிடம் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாஸ்டரிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

"நான் அத்தான் கையைப் பிடிச்சுகிட்டுச் சொன்னேன்கா" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "'உங்க மேல ஒரு தப்பும் இல்ல அத்தான். உங்கள மாதிரி ஒரு பிள்ளை மேல பாசம் வரலன்னா, குடுத்து வைக்காதது அந்தப் பொம்பளைதான்'னு. அவர் கண்ணே கலங்கிடுச்சு."

இந்த வார்த்தையை யாராவது தன்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை வருஷம் பெரியவள் ஏங்கியிருப்பாள்! அதுவும் தங்கை வாயால், தங்கையே தன் கையைப் பிடித்துக்கொண்டு. சொல்லியாகிவிட்டது. ஆள்தான் மாறிப்போச்சு.

"அது அவர் கதை இல்லடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி "பின்ன யாருது?" என்று வருமே. அதற்கு என்ன பதில் சொல்வது? அம்மா என்றால் உயிரை விடுகிற பெண் இது. அம்மாவுக்கோ, தான் பேசியது பெரியவள் காதில் விழுந்தது இன்று வரைக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தவள் பெரியவள்.

"இன்னிக்கு மத்தியானம் அந்தம்மா வருதில்ல? அது முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கல."

பெரியவள் துணியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "ஏய், நீ ஏதாவது கேட்டு வைக்காதே!"

"நான் ஏன் கேக்கப் போறேன்? கேக்க மாட்டேன்."

சின்னவளின் 'மாட்டேன்' பற்றி மேலே சொல்லியாகிவிட்டது.

பெரியவள் கீழே இறங்கி வந்து, அம்மாவின் காலை மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு கொடுத்தாள். அம்மா வாங்கிப் போட்டுக்கொண்டு, "உனக்கு வேலைக்கு நேரமாச்சு, நீ கிளம்பு. நானே எடுத்துப் போட்டுக்க மாட்டேனா?" என்றாள். பிறகு குரல் இளகியது. "சின்னக்குட்டி சாப்பிட்டாளா? நேத்துலேர்ந்து முகமே சரியில்லையே குழந்தைக்கு."

அம்மா பெரியவளைக் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடுதான் எப்போதும் பேசுவாள். சின்னவளைத்தான் திட்டுவாள், கிள்ளுவாள், உடனே இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அந்தக் கிள்ளலுக்காகப் பெரியவள் ஏங்கிய காலம் உண்டு.

கடையில் அன்று அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காதில் சரியாக உட்காரவில்லை என்று ஒரு பெரியவர் கொண்டுவந்த ஃபிரேமைச் சூடு காட்டி வளைக்கப் போனவள், நினைப்பு வேறெங்கோ போய், அதன் காதுக் கம்பியையே ஒடித்துவிட்டாள். அவர் கத்தவில்லை. "பரவால்லம்மா, உனக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், பெரியவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முதலாளியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ" என்று கைப்பையை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே பயிற்சி மைதானத்துக்குப் போனாள்.

பழைய டயர்களை நட்டு வளைவு நெளிவு போட்ட பொட்டல் மைதானம். மூலையில், கூரையில் போர்டு மாட்டிய கார் நின்றது. ஒரு ஆள் முடித்துப் போய் அடுத்த ஆள் வருவதற்குள், மாஸ்டர் தன் பக்கத்து சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பெரியவள் ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினாள். மாஸ்டர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"என்ன, இந்நேரத்துல?"

"சின்னவகிட்ட நேத்து என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அசட்டுச் சிரிப்பொன்று சிரித்தார். "சொல்லிட்டாளா? அந்தப் பொண்ணு வாய்க்குப் பூட்டே கிடையாது."

"பூட்டைப் பத்தி நீங்க பேசறீங்களா?"

சிரிப்பு போய்விட்டது. "பழக்கதோஷம்மா. வேணும்னு சொல்லல. பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தங்க அழுதா என் வாய் தானா ஆரம்பிச்சுடும். உன் தங்கச்சியாச்சேன்னு எனக்குத் தோணவே இல்ல. பாதி சொன்ன அப்புறம்தான் உறைச்சுது. நடுவுல எப்படி நிறுத்தறது?"

"பழக்கம்னா? இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கீங்களா?"

மாஸ்டர் எதிரே இருந்த டயர்களைப் பார்த்தார்.

"எத்தனை பேர்கிட்ட?"

"அதெல்லாம் யாரு எண்ணிட்டிருந்தா?"

பெரியவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்தக் கை வேறெங்காவது போயிருக்கும்.

"என் வேலையை நீ புரிஞ்சுக்கணும்" என்று மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "பயந்த ஆளுக்கு கிளட்சு, கியரு எதுவும் மண்டையில ஏறாது. நம்ம மனசுல இருக்கறதுல ஒண்ணை எடுத்துச் சொன்னா, 'அட, இவரும் நம்மள மாதிரிதானா'ன்னு அவங்க கை நடுக்கம் நின்னுடும். உன் பேரை நான் எங்கயும் இழுக்கல. உனக்குக் கௌரவக் குறைச்சல் வரக் கூடாதுன்னுதான் என் தலையில போட்டுகிட்டேன்."

"அடேயப்பா! பெரிய தியாகம்."

"கிண்டல் பண்ணாதே."

"உங்க மனசுல இருக்கறதைத்தானே எடுக்கணும்? என்னுதை எதுக்கு எடுத்தீங்க?"

"என்கிட்ட என்ன இருக்கு?" அவர் உண்மையாகவே கேட்டார். "எங்கம்மா எனக்கு ஒரு குறை வைக்கல. நான் எதிலயும் பெரிசா தோத்ததில்ல. என்னை யாரும் விட்டுட்டுப் போனதில்ல. 'எனக்கு எல்லாமே நல்லா நடந்துச்சு'ன்னு சொன்னா அழறவங்க அழுகையை நிறுத்துவாங்களா? காரைவிட்டு இறங்கிப் போயிடுவாங்க."

வேறு சமயமாக இருந்தால் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது எரிந்தது.

"சரி, நீங்க சொன்னதும் அவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க... ஆறுதலா ஏதாவது. 'இவ்வளவையும் தாண்டி எப்படி நல்லா வந்திருக்கீங்க பாருங்க'ன்னு ஒருத்தங்க சொன்னாங்க. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்க என் தலையைத் தடவிக் குடுத்தாங்க."

"நீங்க சும்மா இருந்தீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"அது எனக்கு வந்த ஆறுதலுங்க. அத்தனையும் நீங்க வாங்கி வாங்கிப் போட்டுகிட்டீங்க. ஒண்ணாவது வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்தீங்களா?"

எதிர்வெயில் கண்ணாடியில் அடித்தது. பெரியவளுக்குத் திடீரென்று வேறொன்று மனதில் வந்து உட்கார்ந்தது.

அவள் தன் கதையை அவரிடம் சும்மா சொல்லிவிடவில்லை. முதலில் சொன்னது அவர்தான். அப்போது அவளும் இதே போன்ற ஒரு காரில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். ரிவர்ஸில் ஒரு கம்பத்தை இடித்துவிட்டு அழுதாள். "உனக்கு ஒண்ணு சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தார். ஆறு வயதில் ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்துபோய், எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் பகல் பூராவும் உட்கார்ந்திருந்தாராம். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வந்து, "வீட்டுக்குப் போய்த் தலையை எண்ணினப்பதான் நீ இல்லன்னே தெரிஞ்சுது" என்றாராம். அந்தப் பையன் மேல்தான் பெரியவளுக்கு ஆசை வந்தது. இவனுக்கு என் வலி புரியும் என்று நினைத்துத்தான் ஷூ கதையை எடுத்துச் சொன்னாள்.

"அந்த ரயில்வே ஸ்டேஷன்?" என்று கேட்டாள்.

மாஸ்டர் சீட் பெல்ட்டை இழுத்தார், விட்டார்.

"அதுவும் உங்களுது இல்லையா?"

"இப்போ எதுக்கு அந்தப் பழசெல்லாம்?"

"யாருதுங்க அது?"

"உனக்கு முன்னாடி கத்துக்க வந்த ஒரு பொண்ணு சொன்னது."

"அவ பேரு?"

மாஸ்டர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஞாபகம் இல்ல" என்றார்.

பெரியவள் அழவில்லை. அழுதால் அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். சண்டை போட்ட நாளில்கூட அந்த ஆறு வயதுப் பையனை நினைத்து அவரை மன்னித்திருக்கிறாள். அந்தப் பையன் யார் வீட்டுப் பெண்ணோ. இப்போது எங்கே இருக்கிறாளோ.

"இதோ பாரு" என்று மாஸ்டரின் குரல் கெஞ்சியது. "கதை வேணா இரவலா இருக்கலாம். ஆனா நீ அன்னிக்குச் சொன்னதைக் கேட்டு எனக்கு உன் மேல வந்த பிரியம் என்னோடதுதான். அதை எங்கிருந்தும் எடுக்கல. நம்பு."

"நம்பணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "உங்கம்மா வந்திருப்பாங்க. சின்னவ வீட்டுல இருக்கா."

"இருக்கட்டும், அதுக்கென்ன..." என்று ஆரம்பித்த மாஸ்டரின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "ஐயையோ!"

காரைப் பெரியவளே எடுத்தாள். மைதானத்து டயர்களில் ஒன்றை இடித்துக்கொண்டு போனது வண்டி. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தார். அவள் பார்த்த பார்வையில் எடுத்துவிட்டார்.

வாசலிலேயே மாமியாரின் குரல் கேட்டது.

"நானா? நானா அப்படிச் சொன்னேன்?"

நடந்தது இதுதான். மாமியார் வந்து உட்கார்ந்ததும், தன்னை வைத்துக் காப்பாற்றுகிற இளைய மகனைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகப் பேசியிருக்கிறாள். அதைப் பொறுக்காத சின்னவள் தண்ணீர் டம்ளரை டொக்கென்று வைத்து, "சின்னவரைப் பத்தின்னா வாய் நிறைய வருது. மூத்தவர்னா மட்டும் ஒட்டுதல் வராதாக்கும்" என்றிருக்கிறாள். மாமியார் என்ன ஏது என்று துருவ, ஷூ, பாலிஷ், கதவு, பக்கத்து வீட்டு அம்மா என்று ஒன்று விடாமல் கொட்டியாகிவிட்டது. அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டு.

"வாடா, வா!" மாமியார் மகனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முந்தானை கண்ணீரில் நனைந்திருந்தது. "நீ தும்மினா எனக்குக் காய்ச்சல் வருமேடா! உன்னை இடுப்பைவிட்டு இறக்க மாட்டேங்கறேன்னு தெருவே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. உன் ஷூவுக்கு நீ எங்கடா பாலிஷ் போட்டே? கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் நான்தானே போட்டேன்! நானா உன் மேல ஒட்டுதல் இல்லன்னு சொன்னேன்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பெரியவள் அவளைப் பார்க்கவில்லை. மூலை நாற்காலியைப் பார்த்தாள்.

அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தைலப் புட்டி மூடாமல் மடியில் கிடந்தது. இந்தக் கூச்சலில் அம்மாவின் கண் மாமியார் மேல் போகவில்லை, மாஸ்டர் மேலும் போகவில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெரிந்துவிட்டதா? தன் வாயால் சொன்ன வார்த்தை தனக்கே அடையாளம் தெரியாமல் போகுமா? இல்லை, எந்தக் காலத்திலோ எதையோ பேசினோம் என்று மறந்திருக்கலாம். மறந்திருக்கட்டும். பெரியவள் மாஸ்டரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். 'அழறாளேன்னு சும்மா ஒரு கதை விட்டேம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அடங்கிவிடும். மாமியார் நாலு திட்டு திட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். பொய் சொல்லத் தெரியாத ஆளா அவர்?

"சொல்லுடா!" மாமியார் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நான் செத்தப்புறம் ஊரெல்லாம் என்னை இப்படியா சொல்லிட்டுத் திரிவே?"

மாஸ்டர் தன் அம்மாவின் கண்ணீரைப் பார்த்தார். மனைவியின் தலையசைப்பையும் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"நீ இல்லம்மா" என்றார். "அது எனக்கு நடந்ததே இல்ல. இவளுக்கு நடந்தது."

அத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன கதையை, அன்றைக்கு ஒரு நாள்தான் உள்ளபடி சொன்னார். அதற்கு அந்த நேரம்தானா கிடைத்தது!

மாமியார் மகனின் சட்டையை விட்டாள். சம்பந்தியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"அக்காவுக்கா?" சின்னவள் மெல்லக் கேட்டாள். "அக்காவுக்குன்னா... அப்போ அந்தச் சின்னது..." மேலே அவளால் சொல்ல முடியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்தத் தாயை எத்தனை வசவு வைதிருப்பாள்! ஒவ்வொன்றாக அவள் முகத்தில் திரும்பி வந்தது.

"அன்னிக்கு நீ கேட்டுட்டியா?" என்றாள் அம்மா.

பெரியவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "கேட்டேம்மா."

"ஒரு நாள்கூட என்கிட்ட கேக்கலையே."

"என்னன்னு கேக்கறது?"

அம்மா தைலப் புட்டியின் மூடியைத் தேடினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது. "அதைக் கேட்டுட்டா இத்தனை வருஷம் என்னை வெச்சுப் பார்த்துகிட்டே? மாத்திரை எடுத்துக் குடுத்தே, காலைப் பிடிச்சுவிட்டே. எதுக்கு?"

இதைப் பெரியவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஒட்டுதல் வருமான்னுதான்." மூச்சு வாங்கியது. "வந்துச்சாம்மா?"

அம்மா வாயைத் திறந்தாள். பதில் சொல்லும் முன் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் குழந்தைக்கு எப்படியிருக்கிறதோ என்று பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். பெரியவள் கேட்ட கேள்விக்கு அதற்கு மேல் ஒரு பதில் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உதடு துடிக்க எழுந்தாள். பெரியவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். அம்மா அதைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். சின்னவள் விம்மிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

பெரியவள் சமையலறையில் போய் நின்றாள். மூடி வைத்த பாத்திரங்கள் அப்படியே இருந்தன. யாருக்குப் பரிமாறுவது? இப்படி ஒரு அடி விழும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருந்தது. முதலாளியம்மா சிடுசிடுத்தாலும், குழந்தை தங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்றும், அந்த முகத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டித்தான் மறுநாள் எழுந்திருக்கிறாள். இன்றைக்குச் சொல்ல இருக்கிற அளவுக்கு அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

அந்த முகம் இதோ, பின்னால் வந்து நின்றது.

"என்னை மன்னிச்சுடு" என்றார் மாஸ்டர். "அம்மா அழுததும் எனக்குக் கை கால் ஓடல." அவள் முதுகில் கை வைத்தார். குரல் தானாக மெதுவாகி, மைதானத்தில் பேசுகிற குரல் ஆயிற்று. "மூச்சை நல்லா இழுத்து விடு. மனசுல எதையும் வெச்சுக்காதே. எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு."

நல்ல குரல்தான். அந்தக் குரலில் மயங்காதவர்கள் குறைவு. கடிதம் போட்டவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அக்காவின் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, அம்மா உன்னைக் கூப்பிடறாங்க. உன்னை மட்டும். என்னைக்கூட வெளிய போகச் சொல்லிட்டாங்க."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"வேண்டாம்."

"சரி, நீ போய்ப் பேசு. என்ன சொன்னாங்கன்னு அப்புறம் வந்து என்கிட்ட சொல்லு, என்ன?"

சரி என்று சொல்லத்தான் அவள் வாய் போனது. எத்தனை வருஷப் பழக்கம்! அறை வாசல் வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பினாள்.

"அவங்க என்ன சொன்னாலும், உங்ககிட்ட 'ஒண்ணுமில்ல'ன்னுதாங்க சொல்லுவேன்" என்றாள். "கேக்காதீங்க."

உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள்.